ஊளையை அடக்க வேண்டாம், வளர்க்க வேண்டும்: 8 ஸ்பீக்கர், 4 மைக், ஒரு நெல் குடோன்

செட்டுக்கடை மகள் | செவ்வாய், இரவு 11:40

வணக்கம். நீளமான கேள்வி. பொறுமை இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

என் அப்பா 31 வருடம் மைக் செட் கடை நடத்தினார். மன்னார்குடிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் போகும். அவருக்குத் தொழிலில் ஒரே ஒரு வைராக்கியம்: மைக் கூவக் கூடாது (ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து கிளம்பும் ஊளை). தாலி கட்டும் நேரத்தில் கொய்ங் என்று ஒரு சத்தம் வந்துவிட்டால் அன்றைக்குப் பாதிக் கூலியை வாய்விட்டுக் கேட்க மாட்டார். அவர் பெற்ற பெண் நான், மைக்கைக் கூவ வைப்பதற்காகவே பத்து நாளாக ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் பழைய நெல் குடோன் காலியாக இருக்கிறது. நீளம் 12 மீட்டர், அகலம் 7, உயரம் நாலரை. சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் தரை, மேலே தகரம். அடுத்த மாதம் மூன்று நாள் அதில் ஒரு ஒலி நிறுவல் வைக்கிறேன். (அழைப்பிதழில்தான் ஒலி நிறுவல். தெருவில் 'ஸ்பீக்கர் கொலு' என்று பெயர் வைத்தாகிவிட்டது.) பாட்டு கிடையாது, பதிவு செய்த ஒலி எதுவும் கிடையாது. மைக் ஸ்பீக்கரைக் கேட்கும், ஸ்பீக்கர் மைக்கைக் கேட்கும், குடோன் தானே பாட வேண்டும். ஆட்கள் நடுவில் நடக்க நடக்க அது மாற வேண்டும்.

என்னிடம் இருப்பவை: எட்டு அங்குல பவர்டு பாக்ஸ் 4, அப்பாவின் குழாய் ஸ்பீக்கர் 4 (குழாயின் அடியில் ஒலி எழுப்புவது அஹுஜா யூனிட், 16 ஓம்), பாட்டுக்காரர்கள் பிடிக்கும் எஸ்எம்58 மைக் 2, காலர் மைக் 2, எட்டு உள் எட்டு வெளி உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) ஒன்று, சூப்பர்கொலைடர் என்ற ஒலி நிரல் மென்பொருள் ஓடும் பழைய லேப்டாப். பாக்ஸ்கள் நாலு மூலையில், குழாய்கள் சுவர் நடுவில், மைக்குகள் உத்தரத்திலிருந்து தொங்குகின்றன.

என்ன நடக்கிறது என்றால், கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அடுத்த ஒரு மயிரிழையில் 1,900 ஹெர்ட்ஸ் விசில். ஒரு நொடிகூட ஆகாது, காது கிழிகிறது. குறைத்தால் செத்துப்போகிறது. நடுவில் எதுவுமே இல்லை. மைக்கை எங்கே தொங்கவிட்டாலும் சுற்றிச் சுற்றி அதே விசில்தான்.

அதைவிட எரிச்சல் இன்னொன்று. எட்டு ஸ்பீக்கர் இருந்தும் ஒரே ஸ்பீக்கர் மாதிரி இருக்கிறது. விசில் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, மண்டைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினேன். நகர்ந்த மாதிரியே இல்லை.

சில்லறைச் சந்தேகங்களும் உண்டு. மதியம் ஒரு சுருதி, ராத்திரி ஒரு சுருதி வருகிறது, அது ஏன்? மின்விசிறி போட்டால் விசில் நடுங்குகிறது (அது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது). விசிலை ஈக்வலைசரில் வெட்டினால் அடியில் உர்ர் என்று கரண்ட் சத்தம் எழும்பி அதுவே ஊளையாகிறது.

அப்பா குடோன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் விசில் கிளம்பியதும் எழுந்து வந்து வால்யூமைக் குறைத்துவிட்டுப் போய் உட்கார்கிறார். இதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

—

மதுரை மிக்சர் | புதன், காலை 6:15

அப்பா செய்வது சரி. அவரைத் தடுக்காதேம்மா.

நானும் அதே தொழில்தான், 22 வருடம். எங்களுக்கு ஊளை என்றால் எதிரி. ஆனால் எதிரியைப் பற்றி எங்களைவிட யாருக்கும் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

அந்த 1,900 உன் குடோன் பாடுவது இல்லை. உன் குழாய் பாடுவது. குழாய் ஸ்பீக்கர் மனிதக் குரல் நடுத்தெருவைத் தாண்டி நாலு தெரு போவதற்காகச் செய்தது. 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது. ஒன்றரை ஆயிரத்திலிருந்து மூன்றாயிரம் வரை கத்தும். எந்த இடத்தில் கெயின் அதிகமோ அந்த இடத்தில்தான் ஊளை முதலில் கிளம்பும். அறை எத்தனை அழகாக இருந்தாலும் குழாய் முந்திக்கொள்ளும். முதல் வேலையாக நாலு குழாயையும் கழற்றிவிட்டுப் பாக்ஸை மட்டும் வைத்துப் பார். அப்போது வருவதுதான் குடோனின் குரல்.

மைக்கைக் கூட்டிக்கொண்டே போகாதே. திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் ஊளைக்கு முன் கிடைக்கும் கெயினில் 3 டெசிபல் போய்விடும். ஒன்றிலிருந்து நாலுக்குப் போனால் 6 டெசிபல். நாலும் எட்டு ஸ்பீக்கருக்கும் போனால் அது எட்டு சேனல் இல்லை, ஒரே கயிற்றில் கட்டிய பன்னிரண்டு மாடு. ஒன்று இழுத்தால் எல்லாம் போகும்.

இப்போது பயமுறுத்தும் பகுதி. பேச்சும் பாட்டும் ஏறி இறங்கும், நடுவில் யூனிட்டுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஊளை அப்படி இல்லை, ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும். யூனிட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது வாய்ஸ் காயில், பத்து நிமிடத்தில் வெந்துவிடும். நான் ஒரு திருவிழாவில் மூன்று யூனிட்டை அப்படித்தான் எரித்தேன். பையனை மிக்சரில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதனால்: யூனிட்டை நேராக ஆம்பிளிஃபயரில் கொடு, 16 ஓம் என்றால் லைன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். ஆனால் நடுவில் 22 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று, துருவமில்லாததாகப் பார்த்துத் தொடராகப் போடு. 450 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை அது குறைத்துவிடும், டயஃப்ரம் பிழைக்கும். யூனிட்டைக் குழாயிலிருந்து கழற்றித் தனியாக ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதே. எதிரே காற்றின் பாரம் இல்லாமல் டயஃப்ரம் ஆடி உடையும்.

அப்புறம் காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி. குழாய்க்கு 1 வாட் கொடுத்தாலே 1 மீட்டரில் 100ஐத் தாண்டும். குழந்தைகள் வருவார்கள், குழாய்க்குள் தலையை விட்டுப் பார்ப்பார்கள். நீ கம்ப்யூட்டரில் லிமிட்டர் (ஒலி ஒரு அளவுக்கு மேல் போகாமல் தடுப்பது) போட்டிருப்பாய். அது தொங்கிப்போனால்? ஆம்பிளிஃபயர் குமிழையே குறைத்து வை. மென்பொருள் முழுசாகப் பைத்தியம் பிடித்துக் கத்தினாலும் இந்த அளவுக்கு மேல் போகாது என்று குமிழிலேயே உறுதி செய்துவிட்டு, அதன் மேல் டேப் ஒட்டு.

—

சும்மாவந்தவன் | புதன், காலை 9:02

எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டுவிழாவில் இதை வருடா வருடம் இலவசமாகக் கேட்கிறோம். அதற்கு டிக்கெட் உண்டா?

—

செட்டுக்கடை மகள் | புதன், காலை 9:30

டிக்கெட் இல்லை. மோர் உண்டு. வாங்க.

மிக்சர் அண்ணா, குழாயைக் கழற்றிவிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். 'பன்னிரண்டு மாடு' அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் ஒன்று: குழாய் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய எனக்கு மனசில்லை. அது அவர் குரல் மாதிரி.

—

பனிக்காட்டுக் காகம் | புதன், இரவு 10:50

வணக்கம் தங்கச்சி. ஒஸ்லோவிலிருந்து எழுதுகிறன். யாழ்ப்பாணத்தில் மாமாவுக்கும் ஒலிபெருக்கிக் கடை இருந்தது, உங்கட அப்பா கதிரையில் இருந்து எழும்பி வாறது என்ர கண்ணுக்குள்ளேயே நிக்குது.

மதுரை அண்ணா வன்பொருளைச் சொல்லிவிட்டார். நான் மூன்று விஷயம் சொல்கிறன். மூன்றாவதுதான் முக்கியம், அவசரம் எண்டால் நேரே அதுக்குப் போங்கோ.

முதலாவது, நடுவில் எதுவும் இல்லை எண்டு சொன்னீங்களே, அது ஏன் எண்டு பார்ப்பம். மைக்குக்கும் பெட்டிக்கும் இடையில் 2 மீட்டர் எண்டால் ஒலி வந்து சேர 6 மில்லி செக்கன் வரும். லேப்டாப்பும் இன்டர்ஃபேசும் தின்னுறது ஒரு 12. மொத்தம் 18. அதாவது மைக், லேப்டாப், பெட்டி, திரும்ப மைக் எண்ட உங்கட வளையத்தை ஒலி ஒரு செக்கனில் 56 தரம் சுத்துது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரேயொரு டெசிபல் கூடினாலும் செக்கனுக்கு 56 டெசிபல் ஏறும். உங்கட கை எப்படி அதைப் பிடிக்கும்? இப்ப அந்த வளையத்துக்குள் 2 செக்கன் தாமதம் ஒன்றைப் போடுங்கோ. அதே ஒரு டெசிபல்தான், ஆனால் ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா. அதே 56 டெசிபலுக்கு ரெண்டு நிமிசம் கிட்ட எடுக்கும். ஊளை மெல்ல மெல்ல விடியிற மாதிரி எழும்பும், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தாமதம் கூடக் கூட, பாடக்கூடிய சுருதிகளும் நெருக்கமாகும்: 18 மில்லி செக்கனில் 56 ஹெர்ட்ஸுக்கு ஒன்று, 2 செக்கனில் அரை ஹெர்ட்ஸுக்கு ஒன்று. அவ்வளவு பேர் வரிசையில் நிற்கேக்க யார் முந்துறது எண்டதை அறைதான் தீர்மானிக்கும்.

ரெண்டாவது, ஒன்றே எல்லாத்தையும் விழுங்காமல் இருக்க ரெண்டு வழி. ஒன்று, உள்ளே வாற ஒலி எவ்வளவு கூடுதோ அவ்வளவு கெயின் தானாகக் குறையவேணும், ஆனால் உடனே இல்லை, 6, 7 செக்கன் பிந்தி. பிந்தினால்தான் அது ஏறும், பிறகு பயந்து இறங்கும், திரும்ப ஏறும். மூச்சு மாதிரி வரும். மற்றது, வளையத்துக்குள் அலைவெண்ணை 1, 2 ஹெர்ட்ஸ் நகர்த்துறது. இது உங்கட அப்பாட பக்கத்து வித்தை: மன்ஃப்ரெட் ஷ்ரோடர் எண்ட ஜெர்மன் இயற்பியலாளர் 1960களில் ஊளையைத் தடுக்கத்தான் 5 ஹெர்ட்ஸ் நகர்த்தச் சொன்னவர். ஒவ்வொரு சுற்றும் சுருதி கொஞ்சம் தள்ளிப்போறதால் எதுவும் ஓரிடத்தில் நிலைக்காது. தடுக்கக் கண்டுபிடிச்சதை நாங்கள் நெளிய வைக்கப் பாவிப்பம். சூப்பர்கொலைடரில் ஃப்ரீக்‌ஷிஃப்ட் எண்டு ஆயத்தமாகவே இருக்கு. ஒரு வளையத்தில் மேலே, அடுத்ததில் கீழே நகர்த்துங்கோ.

மதியச் சுருதி, இரவுச் சுருதி: காற்றில் ஒலியின் வேகம் 26 பாகையில் செக்கனுக்கு 347 மீட்டர், 36 பாகையில் 353. அறையின் எல்லா ஒத்ததிர்வும் அதே வீதத்தில் ஏறும். கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. உங்கட தகரக் கூரைக்கு இன்னும் கூடலாம்.

கரண்ட் சத்தத்துக்கு ஒரு வேடிக்கையான காரணம் இருக்கு. 7 மீட்டர் அகலத்தில் முதல் நிலையலை (சுவருக்குச் சுவர் மோதி அறைக்குள் தங்குற ஒலி) 25 ஹெர்ட்ஸ், ரெண்டாவது 50. உங்கட மின்சாரமும் 50. அறை அதைக் கை நீட்டி வரவேற்குது. 70க்குக் கீழே வெட்டிவிடுங்கோ, கேபிள் எல்லாம் பாலன்ஸ்டாக (இரைச்சலைத் தள்ளுற வகை) இருக்கட்டும்.

இப்ப மூன்றாவது. விசில் எங்கிருந்து வருகுது எண்டு தெரியேல்லை, நகர்த்தினாலும் நகரேல்லை. அது உங்கட பிழை இல்லை, காதின்ர குணம். எதிரொலி கூடின அறையில் ஒரே சீரான ஒற்றைச் சுருதியின் திசையைக் காதால் பிடிக்க ஏலாது. காது ஒலி *தொடங்குற* கணத்தைத்தான் பிடிச்சு வைச்சிருக்கும். ஃப்ரான்சென் எண்ட டச்சுக்காரர் ஒரு சோதனை காட்டினவர்: இடப்பக்கப் பெட்டியில் ஒரு சுருதியைச் சட்டெண்டு தொடங்கி, உடனேயே மெல்ல வலப்பக்கத்துக்கு மாத்திவிட்டால், கேக்கிற ஆள் முழுநேரமும் இடப்பக்கம் எண்டே சத்தியம் பண்ணுவார். இடப்பக்கத்தில் ஒண்டுமே இல்லாதபோதும்.

ஆக, எட்டு வாய்க்கால் (சேனல்) வேணும் எண்டால் எட்டும் விடாமல் பாடக் கூடாது. நிற்கவேணும், தொடங்கவேணும். 1968இல் ஸ்டீவ் ரைஷ் எண்ட அமெரிக்க இசையமைப்பாளர் மைக்குகளைக் கயிற்றில் கட்டிப் பெட்டிகளுக்கு மேலே ஊஞ்சல் ஆட்டினதும் அதனால்தான் காதில் நிக்குது: மைக் பெட்டியைக் கடக்கிற நேரம் மட்டும் ஒரு கூவல், பிறகு மௌனம். ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு தொடக்கம் இருக்கு. மூச்சு வாங்குற வளையம் எண்டு நான் சொன்னதை இதோட சேர்த்து யோசியுங்கோ.

ஒரு மைக், ஒரு பெட்டி, ஒரு வளையம். அப்படி நாலு. மாடுகளை அவிழ்த்துவிடுங்கோ.

—

செட்டுக்கடை மகள் | ஞாயிறு, இரவு 1:10

நாலு நாள் கழித்து வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

குழாயைக் கழற்றியதும் 1,900 போய்விட்டது. பாக்ஸ் மட்டும் வைத்து 2 செக்கன் தாமதம் போட்டேன். முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை. அப்புறம் தகரத்தில் மழை ஆரம்பிப்பதற்கு முன் வருமே, அந்த மாதிரி ஒரு அடி ஒலி. நான் இருமியது கூட அதில் கரைந்து சுருதியாகத் திரும்பி வந்தது. காகம் அண்ணா, 'விடியிற மாதிரி' என்று நீங்கள் எழுதியது அப்படியே உண்மை.

ஆனால் நாலு வளையம் தனித்தனியாக வைத்தும் நாலும் பக்கத்துப் பக்கத்துச் சுருதியில் போய் நின்றன. ஒரே அறைதானே. ஒவ்வொன்றுக்கும் ஃபில்டர் போட்டுப் பிரித்தேன். பிரிந்தது, ஆனால் பிரித்தது நான், அறை இல்லை. கம்ப்யூட்டர் வாசனை அடித்தது. அதைக் கேட்டு எனக்கே அலுப்பாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தை வீட்டிலிருந்து பித்தளைக் குடத்தில் குடிதண்ணீர் வந்தது. குடத்தைக் காலி செய்துவிட்டு ஓரமாக வைத்தேன். சும்மா காலர் மைக்கை அதன் கழுத்துக்குள் இறக்கினேன். கெயின் ஏற்றினேன். குடம் *ம்ம்ம்* என்றது.

150 ஹெர்ட்ஸ். கூட்டி முழங்கும் நாயனத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவார்களே, அந்த மாதிரி அசையாமல் நின்றது. மைக்கை ஒரு சாண் வெளியே எடுத்தால் போய்விடுகிறது, உள்ளே விட்டால் வருகிறது. சரி என்று பாதிக் குடம் தண்ணீர் ஊற்றினேன், சுருதி ஏறி 210 பக்கம் நின்றது. அதற்கப்புறம் அத்தை வீடு, சித்தி வீடு, அம்மா சீதனம் என்று நாலு குடம் சேர்த்தாகிவிட்டது. எல்லாம் ஏறக்குறைய 12 லிட்டர் குடங்கள். ஒன்று காலி, ஒன்றில் கால் குடம், ஒன்றில் அரை, ஒன்றில் எட்டு லிட்டர். 150, 173, 212, 260. ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு பாக்ஸ், ஒரு மீட்டர் தள்ளி. அலைவெண் ஃபில்டர் ஒன்றுகூட இல்லை. அடியில் 70க்குக் கீழே வெட்டியது மட்டும்தான்.

—

சும்மாவந்தவன் | ஞாயிறு, காலை 8:20

ஒரு நிமிடம். தண்ணீர் ஊற்றினால் சுருதி *இறங்கும்* இல்லையா? ஜலதரங்கக் கிண்ணத்தில் தண்ணீர் சேர்த்தால் இறங்குகிறதே. என் தாத்தா வாசிப்பார், அதனால் தெரியும். (ஆமாம், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.)

—

பனிக்காட்டுக் காகம் | ஞாயிறு, மதியம் 2:05

நல்ல கேள்வி. ஜலதரங்கத்தில் அதிருறது கிண்ணத்தின்ர உடம்பு. தண்ணீர் அந்த உடம்புக்குப் பாரம், பாரம் கூடினால் ஆட்டம் மெதுவாகும், சுருதி இறங்கும். இங்கே குடத்தை யாரும் தட்டேல்லை. அதிருறது உள்ளே இருக்கிற காற்று. கழுத்தில் இருக்கிற காற்று ஒரு தக்கை மாதிரி மேலும் கீழும் ஆடுது, வயிற்றில் இருக்கிற காற்று அதுக்கு ஸ்பிரிங். தண்ணீர் ஊற்ற வயிறு சின்னதாகுது, ஸ்பிரிங் இறுகுது, சுருதி ஏறுது. காற்றின்ர கொள்ளளவு பாதியானால் சுருதி 1.41 மடங்கு. 150க்கு 212. தங்கச்சி சரியாக அளந்திருக்கிறா. போத்தல் வாயில் ஊதிப் பார்த்தாலும் இதேதான்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் எண்ட ஜெர்மன் அறிவியலாளர் 19ஆம் நூற்றாண்டில் இப்படிப் பித்தளை உருண்டைகளைக் காதில் வைத்துத்தான் ஒலிக்குள் இருக்கிற சுருதிகளைப் பிரிச்சுக் கேட்டவர். அவருக்கு அத்தை வீட்டுக் குடம் கிடைக்கேல்லை.

குழாய் என்னாச்சு?

—

செட்டுக்கடை மகள் | ஞாயிறு, இரவு 10:15

அதைத்தான் எழுத வந்தேன்.

குழாயை மூலையில் படுக்க வைத்திருந்தேன். அப்பா சாயங்காலம் உள்ளே வந்தார். நாலு குடத்தையும் சுற்றிப் பார்த்தார். குனிந்து ஒன்றில் காதை வைத்தார். "இது கூவல் இல்லை, சுருதி. குழாய் எங்கே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

குடம் 150இல் பாடுகிறது. குழாய்க்கு 450க்குக் கீழே வராது. அப்படியானால் எதைக் கொடுப்பது? காகம் அண்ணா ஊளை ஏறும்போது கெயினைக் குறைக்கச் சொன்னார் அல்லவா, நான் அதற்குப் பக்கத்தில் ஒரு மென்மையான சாச்சுரேஷனும் போட்டிருந்தேன், உச்சியைக் கூர்மையாக வெட்டாமல் வளைக்கிற வகை. வளைத்தால் மூன்றாவது, ஐந்தாவது மடங்குச் சுருதிகள் முளைக்கும். 150க்கு 450, 750. 173க்கு 519. குடத்தின் குரலில் குழாய்க்கு எட்டக்கூடிய பங்கு அதுதான். அதை மட்டும் வடிகட்டி, 3 செக்கன் கழித்து, எதிர்ச் சுவரில் இருக்கும் குழாய்க்கு அனுப்புகிறேன். அதுவும் குடம் தொடங்கும் கணத்தில் மட்டும், அரை செக்கன். தென்கிழக்கு மூலையில் குடம் முனகும், மூன்று செக்கன் கழித்து வடமேற்கில் குழாய் 'ஹா' என்று ஒரு வார்த்தை சொல்லி நிற்கும். இடம் பளிச்சென்று தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிக் காட்டலாம். அடுத்த தெருத் திருவிழா நம் தெருவில் கேட்கிற மாதிரி இருக்கிறது.

குழாய் அனைத்தும் தகரத்தைப் பார்த்து மேலே திருப்பியாகிவிட்டது, குழந்தைகள் தலையை விட முடியாது. கபாசிட்டர் போட்டாகிவிட்டது. குமிழ் மேல் டேப் ஒட்டியாகிவிட்டது. போன் செயலியில் அளந்தேன், நடுவில் நின்றால் 74, 76 டெசிபல். அதைச் சரியான கணக்கு என்று நம்பவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

ஆட்கள் நடந்தால் மாறுகிறதா என்றால், குடத்துக்குக் கிட்டே போனால் மாறுகிறது. பாக்ஸுக்கும் குடத்துக்கும் நடுவில் ஒருவர் நின்றால் அந்த வளையம் அடங்கிவிடுகிறது. நகர்ந்தால் திரும்ப எழுகிறது. கையைக் குடத்தின் வாய்மேல் பாதி மூடினால் சுருதி இறங்குகிறது. யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையன் தானே கண்டுபிடித்தான்.

இன்னும் ஒரே ஒரு பயம். கரண்ட் போய் வந்தால்?

—

மதுரை மிக்சர் | திங்கள், காலை 5:50

கேட்டாயே, அதுதான் கேள்வி.

கரண்ட் வந்ததும் ஆம்பிளிஃபயர் முதலில் விழிக்கும், இன்டர்ஃபேஸ் பிறகு, அது விழிக்கும்போது 'தட்' என்று ஒரு அடி கொடுக்கும். லேப்டாப்புக்கு பேட்டரி இருப்பதால் அது நடுவில் நின்றதே தெரியாமல் பழைய கெயினோடு காத்திருக்கும். நாலு வளையமும் ஒரே நேரத்தில் பாயும். இன்டர்ஃபேசை யூபிஎஸ்ஸில் போடு. ஆம்பிளிஃபயரையும் பாக்ஸையும் யூபிஎஸ்ஸில் போடாதே. தனியாக ஒரு டைமர் ரிலே வைத்து, கரண்ட் வந்து 30 செக்கன் கழித்து விழிக்கிற மாதிரி செய். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் இருக்குமே, அதே வேலை. நிரலில், மைக்கில் 10 செக்கன் எதுவுமே வரவில்லை என்றால் கெயின் சுழியத்துக்குப் போய் அங்கிருந்து ஒரு நிமிடத்தில் மெதுவாக ஏறட்டும்.

காலர் மைக்குக்கு இன்டர்ஃபேஸ் தரும் 48 வோல்ட்டை நேராகக் கொடுக்கவில்லையே? அடாப்டர் போட்டிருக்கிறாய்தானே? கேட்டு வைக்கிறேன். குடத்துக்குள் தண்ணீர், மேலே மைக். ஒயரைக் குடத்தின் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டு, நழுவினால் தண்ணீரில் விழக் கூடாது.

—

செட்டுக்கடை மகள் | அடுத்த மாதம், திங்கள், மாலை 4:30

முடிந்தது. மூன்று நாளும் நடந்தது. கேட்டவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

கரண்ட் மூன்று முறை போனது. ரிலே மூன்று முறையும் வேலை செய்தது. இரண்டாவது முறை இருட்டில் பதினைந்து பேர் உள்ளே இருந்தார்கள், ஒருவரும் வெளியே போகவில்லை. கரண்ட் வந்து, குடங்கள் ஒவ்வொன்றாக எழுந்த அந்த ஒரு நிமிடம்தான் மூன்று நாளில் நல்ல நிமிடம். அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

மின்விசிறியை ஓடவே விட்டேன், மிகக் குறைந்த வேகத்தில். குழாயின் 'ஹா' அதில் பட்டு நடுங்கியது.

முதல் நாள் யூனிட் ஒன்று போனது. எரியவில்லை, முப்பது வருடத்துப் பழைய இணைப்பு, பற்றவைத்தது விட்டுவிட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பற்றவைத்துக் கொடுத்தார்.

சும்மாவந்தவன் வந்தார்! தாத்தாவின் ஜலதரங்கக் கிண்ணம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மோர் மூன்று டம்ளர் குடித்தார்.

தெரியாமல் செய்த தப்பு ஒன்று. குடங்களைச் சுற்றிக் கோலம் போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு வைத்திருந்தேன், வெளிச்சத்துக்காகத்தான். பித்தளைக் குடம், தண்ணீர், விளக்கு, உள்ளேயிருந்து ஒரு ஒலி. முதல் நாள் சாயங்காலமே ஒரு பாட்டி கும்பிட்டுவிட்டுக் காசு போட்டார். அப்புறம் எல்லோரும். இரண்டாம் நாள் அரைக் குடத்தின் சுருதி கொஞ்சம் மாறிவிட்டதே என்று நான் நிரலில் இரண்டு மணி நேரம் தேடினேன். காசு அவ்வளவு இடம் அடைக்காது. யாரோ ஒரு புண்ணியவான் தேங்காய் மூடி ஒன்றையும் போட்டிருந்தார்.

நேற்று ராத்திரி குடங்களைக் கவிழ்த்தோம். நாலிலும் சேர்த்து 143 ரூபாய். காலர் மைக் ஒன்று நனைந்து போயிருக்கிறது, முடிச்சைச் சரியாகப் போடவில்லை. காசு மைக்குக்குப் போதாது. அத்தை தன் குடத்தில் இருந்ததைத் தன்னுடையது என்கிறாள்.